வறுக்க வேண்டாம் என்று எழுதிய தாள்

மீன் தீவனத்தில் மூலிகை விதைகள் சேர்ப்பது பற்றி, புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். வெந்தயம் எவ்வளவு, கருஞ்சீரகம் எவ்வளவு, எந்த மீனுக்கு எத்தனை நாள் என்று ஓர் அட்டவணையை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் உங்கள் கைபேசியில் என் ஞாபகத்தைவிட ஒழுங்காகவே கிடைக்கும். அதற்கு ஓய்வுபெற்ற கிழவன் எதற்கு? நான் எழுதப்போவது ஒரு குட்டையைப் பற்றியும், அந்தக் குட்டைக்காக நான் எழுதிய ஓர் அறிக்கையைப் பற்றியும். என் சர்வீஸில் எழுதிய எத்தனையோ அறிக்கைகளில் இன்றுவரை நெஞ்சில் கிடந்து உறுத்துவது அது ஒன்றுதான்.

சிவகங்கைப் பக்கம் மீன் வளர்ப்பு ஆலோசகர் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். "கடல் எங்குட்டு இருக்கு, நீங்க எங்குட்டு இருக்கீக?" என்று கேட்காத கல்யாண வீடு இல்லை. ஆனால் மழை பெய்து பண்ணைக்குட்டைகள் நிரம்பிவிட்டால் எனக்கு உட்கார நேரம் இருக்காது. கட்லா, ரோகு என்று நன்னீர் மீன் குஞ்சுகள் விட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மீன் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புண் வரும். கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் பயத்தில் தண்ணீரில் கொட்டுவார்கள். அந்த நேரத்தில்தான் வெந்தயமும் கருஞ்சீரகமும் தீவனத்தில் சேர்த்தால் மீனுக்கு நோய் தாங்கும் சக்தி கூடுகிறது என்ற பேச்சு எங்களிடம் வந்தது. அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற பொருள் என்பதால் யாரும் பயப்படவில்லை. ஒருவர் நான் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு முழு வெந்தயத்தை அப்படியே கரையோரம் வீசியிருந்தார். பத்து நாள் கழித்துப் போனால் கரையெல்லாம் கீரை. "மீன் தின்னுச்சோ இல்லையோ, நாங்க ரெண்டு வேளை கூட்டு வச்சோம் சார்" என்றார். இப்படிச் சிரித்துக்கொண்டே செய்த வேலைதான் அது.

இதில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் மாணிக்கவள்ளி. காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மசாலா அரவை மில் வைத்திருந்தார். விவசாயக் குடும்பத்துப் பெண். கணவர் இறந்த பிறகு மில்லைத் தனியாளாக நடத்தினார். ஊர்க்காரர் ஒருவர் மீன் குட்டைக்குக் கடலைப் புண்ணாக்கு அரைக்க வந்தபோது, "வெறும் புண்ணாக்கையா போடுறீக?" என்று கேட்டு, தவிடும் வெந்தயமும் கொஞ்சம் கருஞ்சீரகமும் சேர்த்துப் பிசைந்து, முறுக்கு பிழிவதுபோலப் பிழிந்து, மொட்டை மாடியில் காயவைத்துக் கொடுத்திருக்கிறார். மீன் நன்றாகத் தின்றது. அந்த வருட மழையில் அந்தக் குட்டையில் புண் வரவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு இருபது குட்டையானது. மில்லின் பலகையில் 'மசாலா அரவை' என்பதற்குக் கீழே 'மீன் தீவனம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீனும் வரையச் சொல்லியிருந்தார். வரைந்தவர் மீனைப் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது, கண் வைத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அதைச் சொல்லி நான் கேலி செய்யும்போதெல்லாம், "வாங்க வாரவுக பலகையைத் திங்கவா போறாக" என்பார்.

அவர் செய்முறையில் ஒரு விஷயம் மட்டும் மாறவே மாறாது. எந்த விதையானாலும் இரும்பு வாணலியில் போட்டு வறுத்து, ஆறவைத்துத்தான் அரைப்பார். வெந்தயம் செவக்க வேண்டும், ஆனால் கருகக் கூடாது. காரைக்குடிப் பக்கம் மசாலா அரைக்கிற யாரும் பச்சையாக எதையும் மெஷினில் போட மாட்டார்கள். வாசனை பிடித்தே இறக்குகிற பதம் அவருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் நான் வெளியூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். ஒரு சான்றிதழ், ஒரு பை, கையளவு ஜெராக்ஸ் தாள்கள். அதில் ஒரு தாளில் 'உலர்த்திப் பொடித்த விதை' என்று இருந்தது. வறுத்தல் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வறுக்காதே என்றும் அதில் இல்லை. ஆனால் நான் பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன், வறுத்தால் விதையின் சத்தெல்லாம் போய்விடும், இந்த அம்மாள் இத்தனை நாள் சக்கையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று. யாரையும் கேட்கவில்லை. பயிற்சி கொடுத்தவருக்கு ஒரு போன் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்திருக்கும்.

அவசரத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் ஒரு முன்மாதிரிக் குட்டையைப் பார்க்க வருவதாக இருந்தது. கொத்தமங்கலத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைப் பார்த்துக்கொண்ட சோலைமலையின் குட்டையை நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். சோலைமலை மாணிக்கவள்ளியின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். மீன் ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வருகிறவர்களிடம், ஒரு மசாலா மில் பெண்மணியின் கைப்பக்குவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் வகுத்த கலவை என்று சொல்ல ஆசை. இதைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுவதுதான் நல்லது. பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய வருடம் அது.

மில்லுக்குப் போய், வெந்தயத்தை இரண்டு மடங்காக்கச் சொன்னேன், வறுக்க வேண்டாம் என்றேன்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "பச்சை வெந்தயம் கசக்குமே சார். நாமளே திங்க மாட்டோம்."

"மீன் என்ன, உங்க மில்லு வாசல்ல நின்னு ருசி பாத்தா வாங்குது?"

"அதுக்கும் நாக்கு இருக்கும்ல சார். ரோகு மீனு மொதல்ல மோந்து பாத்துட்டுத்தான் வாயை வைக்கும். நான் கரையில உக்காந்து பாத்திருக்கேன்."

"இது சாம்பார்ப் பொடி இல்லம்மா. விஞ்ஞானம்" என்றேன்.

இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. அவர் கோபப்படவில்லை. "சரி சார், நீங்க படிச்சவுக. வாயில சொன்னா எனக்கு மறந்து போகும், எழுதிக் குடுத்துருங்க" என்று சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து முந்தைய நாள் தாளைக் கிழித்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் அளவுகளை எழுதினேன். கீழே 'வறுக்க வேண்டாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். எதை எழுதினாலும் அடியில் கையெழுத்துப் போடுவது நம் உத்தியோகத்தின் வியாதி. அதையும் போட்டேன்.

சோலைமலையின் குட்டையில் தீவனத்தைத் தூவ மாட்டார்கள். ஓட்டை போட்ட சாக்குகளில் நிரப்பி, மூங்கில் கழிகளில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுவார்கள். மீன் வந்து ஓட்டையில் வாய் வைத்துத் தின்னும். மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கினால் காலியாக, கைக்குட்டை போல லேசாக வரவேண்டும். குட்டையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி கிடையாது. எந்தக் கருவியும் வேண்டாம், கை போதும்.

புதுத் தீவனம் கட்டிய மூன்றாம் நாள் சோலைமலை போன் செய்தார். "சார், சாக்கு கனமாவே வருது. முந்தாநேத்து கட்டுனது பாதிக்கு மேல அப்படியே இருக்கு."

"புதுசு இல்லையா, பழகிக்கும். நிறுத்தாதீங்க. அதிகாரிக வர இன்னும் நாலு நாள்தான் இருக்கு" என்றேன்.

அன்று மத்தியானமே மாணிக்கவள்ளி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். சோலைமலை அவரிடமும் சொல்லியிருக்கிறார். ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே பேசினார். "சார், ஒரு நாலு நாளைக்கு இத நிறுத்திப் பாப்போம். பழைய வறுத்த தீவனம் ரெண்டு மூட்டை இருக்கு. இந்த ஆட்டோலயே ஏத்தி இப்பவே அனுப்பிச்சுடுறேன். தின்னாம கெடக்குற தீவனம் தண்ணிக்குள்ள புளிச்சுப் போகும். வானமும் மூடிக்கிட்டு இருக்கு."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. மேகமூட்டமான நாட்களில் குட்டைத் தண்ணீரில் பிராணவாயு குறையும் என்பதும், அழுகும் தீவனம் மிச்சமிருப்பதையும் உறிஞ்சிவிடும் என்பதும் நான் ஊர் ஊராகப் போய் மைக் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியது வேறு. நிறுத்தினால், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள். என் கலவை தோற்றது என்று ஆகிவிடும். "நீங்க அரைக்கிற வேலையைப் பாருங்க, குட்டையை நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

வறுப்பது நல்லதா, பச்சையாகப் போடுவது நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்கு ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு விடை இருக்கும், எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது. கலவையில் தவறுவது எல்லாருக்கும் நடக்கும். சாக்கு கனமாக வருகிறது என்று இரண்டு பேர் சொன்ன பிறகும் நிறுத்தாததுதான் என் குற்றம். அதற்கு மேல் ஒன்று செய்தேன், அதையும் சொல்கிறேன்.

இரண்டு நாள் வெயிலே இல்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் சோலைமலை போன் செய்து, "சார் வாங்க, எல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது" என்று அழுதார். பிள்ளையார்பட்டிக்கு வேண்டுதலுக்கு நடந்து போகிறவர்கள் சாலை முழுக்க இருந்ததால் வண்டியை வேகமாக ஓட்டவும் முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சோலைமலை இடுப்பளவு தண்ணீரில் நின்று வாழைமட்டையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் டீசல் என்ஜின் புதுத்தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. மாணிக்கவள்ளி எனக்கு முன்பே வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூங்கில் கழிகளிலிருந்து சாக்குகளை அவிழ்த்துக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சாக்கும் ஊறிப் பருத்து, புளித்த மாவு நாற்றம் அடித்தது. நானும் பேண்ட்டோடு இறங்கினேன். பெரிய மீன்கள்தான் முதலில் போயின. வெயில் ஏறும்போது குட்டையின் காற்றடிக்கும் மூலையில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. பிழைத்தது கொஞ்சம்தான். மாணிக்கவள்ளி ஒரு தடவை சாக்கின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார், பிடித்தேன்.

அதிகாரிகள் வருகை ரத்தானது. காரணம் எழுதி அறிக்கை கேட்டார்கள். நான் நிறைய எழுதினேன். மேகமூட்டம், தண்ணீரின் நிறம், மீன்களின் எடை எல்லாம் இருந்தது. கடைசியில், 'உள்ளூர் அரவை மில்லில் தயாரிக்கப்பட்ட தீவனத்தின் தரக்குறைவே இதற்குக் காரணம் எனத் தெரிகிறது' என்று முடித்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தீவனம் மோசமானதுதான், மில்லில் தயாரித்ததுதான். யார் சொல்லித் தயாரித்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி அதிகம் பேசாதவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மொத்தத்தையும் படித்தார்.

"தீவனத்துக்கு அளவு யாரு குடுத்தது?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னைக்கு நான் கையெழுத்துப் போடல. எடுத்துக்கிட்டுப் போயி நாளைக்குக் கொண்டாங்க" என்று பேனாவை மூடினார்.

எனக்கு ஒரு முழு நாள் கிடைத்தது. எத்தனை பேருக்கு அப்படிக் கிடைக்கும்? மறுநாள் ஓர் எழுத்தும் மாற்றாமல் அதே தாளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அன்று திட்டி அனுப்பியிருக்கலாமே என்று பல நாள் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். என் கழுத்தில் தொங்க வேண்டியதை இன்னொருவர் கழுத்தில் மாட்டப் பார்க்கும் அதே புத்திதான் அதுவும்.

அறிக்கை அலுவலகத்தோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. அந்தக் கடைசி வரியை யாரோ போட்டோ எடுத்து, மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். "எந்த மில்லு?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் பெயரையே போட்டார். சோலைமலை, "நம்பி வாங்குனேன், என் பொழப்புல மண்ணைப் போட்டுருச்சு அந்தம்மா" என்று குரல் பதிவு அனுப்பினார். அவர்மேல் தப்பில்லை. சார் சொன்னதை அந்தம்மா ஒழுங்காகச் செய்யவில்லை என்றுதான் அவர் நினைத்தார், பச்சை வெந்தயம் என் யோசனை என்பது அவருக்குத் தெரியாது. அன்று முழுவதும் அந்தக் குழுவைத் திறந்து திறந்து பார்த்தேனே தவிர, ஒன்றும் எழுதவில்லை.

தை பிறப்பதற்குள் இருபது குட்டைக்காரர்களும் வேறு தீவனத்துக்குப் போய்விட்டார்கள். பலகையில் கத்தரிக்காய் மீனுக்கும் அந்த எழுத்துக்கும் மேல் பச்சைப் பெயின்ட் அடித்திருந்ததை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அதற்கப்புறம் அந்தச் சந்து வரும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் மாணிக்கவள்ளியே அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கதவைச் சாத்தலாமா என்றுகூட யோசித்தேன். கைப்பையிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இது உங்க எழுத்து சார். எங்கிட்ட இருந்தா என்னைக்காச்சும் கோவத்துல யாருகிட்டயாவது காமிச்சுருவேன். புள்ளகுட்டிக்காரரு, உங்க வேலைக்கு எதுவும் ஆயிறக் கூடாது. நீங்களே வச்சுக்கங்க."

என் வாயிலிருந்து வந்தது "டீ சாப்பிடுறீங்களா" என்பதுதான். "வேணாம் சார், மில்லுல மெளகா காயுது" என்று போய்விட்டார். நான் அந்தத் தாளை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். சாப்பிட்டேன்.

ஓய்வு பெற்ற அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது தாள் கையில் வந்தது. வீட்டுக்கு எடுத்துவந்தும் இரண்டு வருடம் சும்மா வைத்திருந்தேன். போன மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து விதைத் தீவனம் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கடிதம் வந்ததும்தான் அதற்கு மேல் தாங்கவில்லை. மில்லுக்குப் போனேன். மாணிக்கவள்ளி தலையில் துண்டு கட்டிக்கொண்டு மல்லி சலித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், என்ன அரைக்கணும்?" என்றார்.

தாளை எடுத்துக் காட்டினேன். தப்பு என்னுடையது, அறிக்கையில் பொய் சொல்லிவிட்டேன், இதை எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

அவர் சல்லடையைக் கீழே வைக்கவில்லை. "அப்ப எழுதியிருந்தீகன்னா எனக்குத் தீவன மில்லு இருந்திருக்கும். இப்ப எழுதுனா உங்களுக்குத் தூக்கம் வரும். எழுதிக்கங்க சார், நான் வேணாங்கல" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, 'கொத்தமங்கலம் குட்டையில் மீன் செத்ததற்குக் காரணம் மில்லின் தீவனம் அல்ல, நான் கொடுத்த இந்த அளவும், நிறுத்தச் சொன்னபோது நான் நிறுத்த மறுத்ததும். மாணிக்கவள்ளி என்னைத் தடுத்தார்' என்று எழுதினேன். குழுவில் பாதிப் பேர் இப்போது மீன் வளர்ப்பதில்லை. ஒருவர் கும்பிடும் கைப் படம் போட்டார். இன்னொருவர் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று வேறு ஏதோ கேட்டார்.

சாயங்காலம் சோலைமலையிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. வயதாகிவிட்டது அவருக்கும், குரல் மெலிந்திருந்தது.

"சார், இந்தத் தாளு அந்தம்மாகிட்ட அப்பவே இருந்துச்சா? நான் மில்லு வாசல்ல நின்னு அத்தனை பேருக்கு முன்னாடி வஞ்சேனே, அன்னைக்கும் இருந்துச்சா?"

அவர் அப்படிப் போய் வைததே எனக்கு அப்போதுதான் தெரியும். 'இருந்தது' என்ற ஒரே சொல்லை அவருக்குத் தட்டி அனுப்ப எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.